முதல் ஆண்டில் இரண்டு வரிப் படிவங்கள்

பிரிட்டனில் சிறு கம்பெனி தொடங்கும் பலர், கம்பெனியின் கணக்காண்டும் நிறுவன வரிக்கான கணக்குக் காலமும் ஒன்றே என்று எண்ணிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகவே அமைவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. முதல் ஆண்டில்தான் அது வெளிப்படுகிறது.

என் கம்பெனி 2023 மே 11 அன்று பதிவாகி, அன்றே தொழிலையும் தொடங்கியது. பதிவான மாதத்தின் கடைசி நாளையே கணக்கு முடிக்கும் நாளாகக் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனிஸ் ஹவுஸ் வைத்துவிடுவதால், முதல் கணக்கறிக்கை 2024 மே 31 வரை, அதாவது 387 நாட்களுக்கு நீண்டது. கணக்கறிக்கை அவ்வாறு நீளலாம். வரிக்கான காலமோ 12 மாதங்களைத் தாண்டக் கூடாது. ஆகவே மே 10 வரையிலான 366 நாட்களுக்கு ஒன்றும், எஞ்சிய 21 நாட்களுக்கு மற்றொன்றுமாக சி.டி.600 எனப்படும் நிறுவன வரிப் படிவங்கள் இரண்டை வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்ப வேண்டியிருந்தது.

தொழில் லாபத்தைப் பொதுவாக நாட்கணக்கில்தான் பிரிக்கிறார்கள். மொத்த லாபம் 38,700 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், முதல் காலத்துக்கு 36,600, இரண்டாவதற்கு 2,100. கணினி, இயந்திரம் போன்றவற்றுக்கான மூலதனக் கழிவு இப்படிப் பிரிக்கப்படாமல், அவை எந்தக் காலத்தில் வாங்கப்பட்டனவோ அந்தக் காலத்திலேயே கணக்கிடப்படும். 50,000 பவுண்டு வரையிலான லாபத்துக்கு 19 சதவீதம் என்ற சலுகை விகிதத்தின் வரம்பும் காலத்துக்கேற்பச் சுருங்கிவிடுவதை நான் முதலில் கவனிக்கவில்லை: 21 நாட்களுக்கு அது 2,900 பவுண்டுக்கும் குறைவு.

இதைவிட முக்கியமானது கெடு நாள். படிவங்கள் இரண்டையும் கணக்கறிக்கைக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள், அதாவது 2025 மே 31க்குள் அனுப்பினால் போதும். ஆனால் வரிப்பணத்தை, அந்தந்த வரிக்காலம் முடிந்து ஒன்பது மாதங்களும் ஒரு நாளும் ஆவதற்குள் செலுத்திவிட வேண்டும். முதல் காலத்துக்கான பணம் 2025 பிப்ரவரி 11க்குள்ளும் இரண்டாவதற்கானது மார்ச் 1க்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் மார்ச் 1 என்றே குறித்து வைத்திருந்ததால், பெரும்பகுதி வரிக்கு வட்டி கட்ட நேர்ந்தது. படிவம் அனுப்பும் நாளுக்கு முன்பே பணம் கட்டும் நாள் வந்துவிடும் என்பதைப் புதிதாகத் தொடங்குவோர் யாவருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. வரிக்காலம் பதிவான நாளில் தானாகத் தொடங்கிவிடுவதில்லை; தொழிலோ வருமானமோ தொடங்கும்போதுதான் தொடங்குகிறது. வேறு வருமானம் எதுவுமின்றி ஜூலை 1 அன்று நான் தொழில் தொடங்கியிருந்தால், மே 31 வரையிலான 11 மாதங்களும் ஒரே காலமாகி, ஒரே படிவத்தில் முடிந்திருக்கும். பதிவான நாளிலேயே தொழில் தொடங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது: கணக்கறிக்கைக்கான கெடு கடந்துவிடாத வரையில், கணக்கு முடிக்கும் நாளைக் கம்பெனிஸ் ஹவுஸில் ஏப்ரல் 30க்கு முன்தள்ளிக்கொள்ளலாம். காலத்தை நீட்டிப்பதற்குத்தான் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற கட்டுப்பாடு. சுருக்குவதற்கு அது கிடையாது.