கால்களை மறந்தால்தான் கோச்

மாநிலங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபி ஆடியவரானாலும் சரி, உள்ளூர் லீகின் பி டிவிஷனோடு நின்றவரானாலும் சரி, கால்பந்து கோச்சிங் வகுப்பில் திணறுவது ஒரே இடத்தில்தான். காலால் செய்துகாட்டத் தெரியும், வாயால் சொல்ல வராது.

பெங்களூரில் அல்சூர் பக்கம் கௌதம்புரா, அப்புறம் மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள் பந்தோடு வளர்ந்த ஏரியாக்கள். கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. முன்பெல்லாம் நன்றாக ஆடினால் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் டீமில் வேலையோடு இடம் கிடைக்கும். பூட்ஸைக் கழற்றிய பிறகும் சம்பளம் வரும். அந்த வழி சுருங்கிவிட்டது. ஆட்டம் முடிந்து சொந்த ஏரியா கிளப்புக்கே கோச்சாகத் திரும்புகிறவரிடம் இன்று முதலில் கேட்பது கோச்சிங் லைசென்ஸ்.

இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் படிகள் ஈ, டி, சி, பி, ஏ என்று ஏறும். அதற்கும் மேலே ஆசியக் கூட்டமைப்பின் ப்ரோ. ஏரியா கிளப்புக்கு டி-யில் தொடங்கினால் போதும். மாநிலச் சங்கம் வழியாக விண்ணப்பம், ஒரு வாரத்துக்குள் வகுப்பு முடிந்துவிடும். ஆட்ட விதிகளில் எழுத்துத் தேர்வு உண்டு. ஆனால் பலர் சறுக்குவது ஒரு பயிற்சி செஷன் நடத்திக் காட்டும்போது. தாளில் இடத்தின் அளவு, ஆள் எண்ணிக்கை, நேரம், கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று குறிப்புகள் என்று எழுதிவிட்டு, கிரவுண்டில் இறங்கியதும் தானே பந்தை வாங்கி ஆட ஆரம்பித்துவிடுவார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு அழகாக இருக்கும். கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. தவறு நடந்த நொடியில் "நில்லு" என்று ஆட்டத்தை உறைய வைத்து, "உன் பின்னால யார் இருக்கா, பார்த்தியா?" என்று கேட்டு, அரை நிமிடத்துக்குள் மறுபடி ஓட விட வேண்டும். அதைத் தாண்டினால் பிரசங்கம்.

வரிசை என்பது அடுத்த வியாதி. 18 பையன்கள், ஒரு கோல், ஒரே க்யூ என்று வையுங்கள். ஒரு ஷாட்டுக்கு 10 விநாடி. 20 நிமிடத்தில் 120 ஷாட், தலைக்கு ஆறு ஏழு தடவைதான் பந்து காலில் படும். அதே 18 பேரை ஆறாறு பேராகப் பிரித்து, கோன் வைத்த சிறு கட்டங்களில் மூன்றுக்கு மூன்று ஆடவிட்டால் பந்து எல்லோர் காலிலும் பட்டுக்கொண்டே இருக்கும். தேவை மூன்று பந்து, அணி பிரித்துக் காட்ட மேலே மாட்டும் பிப் ஒரு டஜன், கொஞ்சம் கோன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே சைஸ் 4 பந்து, அதற்கு மேல் 5. காற்று 0.6-லிருந்து 1.1 அட்மாஸ்பியர் வரை. சரளை கிரவுண்டில் கல்லு மாதிரி அடித்து வைத்தால் துள்ளல் கைமீறிப் போகும், பந்தும் சீக்கிரம் தேயும். மேட்ச் ஆடும் பெங்களூரு ஃபுட்பால் ஸ்டேடியத்தில் செயற்கைத் தரை. அடியில் நீளமான ஸ்டட் (குமிழ்) உள்ள பூட்ஸ் மாட்டினால் கால் சிக்கி முட்டி திருகும் அபாயம் உண்டு. குட்டை ஸ்டட் போதும்.

கிளப்பைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஆட்டம் அல்ல, காகிதம். வீரர் பதிவு ஆன்லைனில். அங்கேதான் நம் இனிஷியல் தலைவலி. ஆதாரில் "முருகன் எஸ்", பள்ளிச் சான்றிதழில் "எஸ். முருகன்", பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பழைய பதிவு வேறு எழுத்தில் இருந்தால் ஒரே பையனுக்கு இரண்டு ஐ.டி. ஆகிவிடும். பழைய கிளப்பின் ரிலீஸ் (விடுவிப்பு) வாங்காமல் பையனை ஆட இறக்கினால் எதிரணி புகார் கொடுக்கும், ஜெயித்த மேட்ச் கைவிட்டுப் போகும். வயதுப் பிரிவுப் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே வைத்து எலும்பு வயது பார்ப்பதும் உண்டு. சான்றிதழில் இரண்டு வயது குறைத்த சாமர்த்தியம் அங்கே எடுபடாது. சீசன் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே பெற்றோரைக் கூப்பிட்டு மூன்று காகிதத்தையும் மேசையில் பரப்பச் சொல்லுங்கள். லீக் வாரத்தில் சைபர் சென்டர் வாசலில் நின்று பயனில்லை.