வேனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

காப்புறுதி நிறுவனத்துக்காக விபத்துச் சேதத்தை மதிப்பிடப் போகும் எங்களுடைய படிவத்தில், விபத்து நேரத்தில் வாகனம் எந்தப் பாவனையில் இருந்தது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. தனிப்பட்ட பாவனை, வாடகைப் பாவனை ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் அதில் எழுதலாம். ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதற்குக் கட்டம் இல்லை. அடியில் 'வேறு குறிப்புகள்' என்று விடப்பட்டிருக்கும் இரண்டு வரிக்குள் அதை அடக்கிக்கொள்ள வேண்டும். மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வீதியில் நடந்த, யாருக்கும் உயிராபத்து நேராத, பத்திரிகையில் ஒரு வரிகூட வராத விபத்து ஒன்றுக்குப் பிறகு, அந்த முதற்கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் என் கை சற்றுத் தயங்குகிறது.

மேலே ஏறிக்கொண்டிருந்தது ஒரு பழைய டொல்பின் வேன். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் போனவர்களை ஏற்றிக்கொண்டு மேற்பிரிவு லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே, தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டு வெறுமனே இறங்கிவந்த ஓட்டோ வளைவில் அகன்று, வேனின் பாதிக்குள் வந்துவிட்டது. வேன்காரர் பள்ளத்துப் பக்கம் ஒடிக்காமல் இடப்புறம் மலைப்பக்கக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், வண்டியை இறக்கினார். முன் அச்சும் ரேடியேட்டரும் போயின. இடப்பக்கக் கதவு நசுங்கியது. உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கு நெற்றியில் சிறு காயம். ஓட்டோவுக்கு ஒரு கீறல். வேனுக்கு எங்கள் பத்திரம், அதாவது ஃபுல் இன்சூரன்ஸ்; ஆனால் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கானின் ஓரத்தில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம்தான் முதலில் பேசினேன். வேன்காரர் சற்றுத் தள்ளி, டயரின் அருகே நின்றிருந்தார். எப்படி இருக்கிறீர்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, அதே குரலில் அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

"வேனுக்கு எவ்வளவு குடுத்தீங்க அம்மா?"

"ஆளுக்கு முந்நூறு குடுத்தமுங்க ஐயா. காசு இல்லாதவங்ககிட்ட அந்தத் தம்பி கேக்காது." பிறகு, நான் எழுதுவதைப் பார்த்து, "தம்பி நல்லா ஓட்டுமுங்க. அதையும் எழுதிக்குங்க" என்றார்.

வேன்காரர் அருகே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சார், அது ஹயர் இல்ல சார், டீசல் காசு" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் கிளினிக்குக்கு, இடையே ஒரு கலியாணம், ஒரு சாவு, மற்ற நாட்களில் தன் மரக்கறி வியாபாரம். முதல்நாள் மாலை கடையடியில் சொல்லிவைத்தால் விடியற்காலையில் வேன் லயத்து வாசலுக்கு வரும். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று தலையெண்ணி வாங்கும் காசை எந்த நிறுவனமும் டீசல் காசு என்று ஏற்காது. நான் 'வாடகை' என்று எழுதினேன். வேனின் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்பட்டது.

பயணிகளை முதலில் விசாரிப்பது எங்கள் தொழிலில் பழைய நடைமுறை. ஓட்டியவர் வந்து என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அந்த வகையில் நான் செய்ததில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் காயத்தை விசாரித்த குரலிலேயே காசையும் விசாரித்தேன் என்பதை மறக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே தோன்றியிருக்கும். அடுத்த கணம் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்கிவிட்டுக் கேட்டிருந்தால் அவர் உண்மையை மறைத்திருக்கலாம், அப்போது ஒரு மூதாட்டியைப் பொய் சொல்ல வைத்தவன் ஆகியிருப்பேன். இந்த இரண்டில் எது மேல் என்று மாறிமாறித் தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறேன்.

வாடகை வண்டிக்குக் காப்புறுதிக் கட்டணம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது நாள் முழுவதும் ஓடுகிறது; அடுத்த ஹயரைப் பிடிக்கும் அவசரத்தில் ஓடுகிறது; ஓட்டுபவரின் குடும்பத்தை அல்லாமல் பிறரை ஏற்றுகிறது. அந்தக் கூடுதல் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டும் வேன்காரர்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருக்கிறார்கள். தனிப்பட்ட பாவனை என்று எழுதிக் குறைவாகக் கட்டிவிட்டு ஹயர் ஓடுபவர்களின் சேதத்தையும் அதே பணத்திலிருந்து கொடுத்தால், நேர்மையாகக் கட்டியவர்கள் ஏமாளிகள் ஆவார்கள். மேலதிகாரி தொலைபேசியில் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதும் இதைத்தான் சொல்கிறேன். தவறு காண முடியாத வாதம்தான்.

ஆனால் அந்த வாதத்தை எதிரே நின்ற ஓட்டோவின் முன்னால் வைத்துப் பார்த்தால் தடுமாறுகிறது. ஓட்டோகாரரின் பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. வாடகைப் பாவனைக்கான காப்புறுதி, அவ்வருட வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், டவுன் ஓட்டோ பார்க்கின், அதாவது தரிப்பிடத்தின், இலக்கம் ஒட்டிய முன்கண்ணாடி என்று எதிலும் குறை சொல்ல இடமில்லை. அவர் அந்த இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டுக்கொண்டு வந்தார். இது என் ஊகமல்ல. நான் எங்கள் வேனைத்தான் பார்க்க வந்தவன், தன்னுடைய கோரிக்கைக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று தெரிந்துகொண்டு, "எறக்கத்துல எஞ்சின் என்னத்துக்கு சார், பெட்ரோல் விக்கிற வெலைக்கு?" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இந்தப் பழக்கம் சோம்பலில் பிறந்ததல்ல. இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின் வைத்த பழைய ஓட்டோக்களில் பெட்ரோலோடு கலந்துவரும் எண்ணெய்தான் எஞ்சினுக்கு வழுவழுப்பு. நீண்ட இறக்கத்தில் அக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால் பெட்ரோலும் குறையும், எண்ணெயும் குறையும், எஞ்சின் சூடாகிப் பிடிக்கும். ஆகவே மலையில் நியூட்ரலில் விடுவதுதான் வண்டியைக் காப்பாற்றும் வழி என்று அக்காலத்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். நால்வீச்சு எஞ்சினுக்கு அந்தத் தேவை இல்லை. பழக்கம் மட்டும் குருவிடமிருந்து சீடனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் அது இன்னும் ஊன்றியது. அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெட்ரோல் 470 ரூபா ஆனது. அதற்குப் பிறகு வந்த கியூஆர் முறையில் வாரத்துக்கு முச்சக்கரவண்டிக்கு ஆரம்பத்தில் 5 லீற்றர், வேனுக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். ஐந்து லீற்றரில் ஒரு வாரம் பிழைக்க வேண்டியவர் இறக்கத்தில் சாவியைத் திருப்பி அணைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்துவைப்பது தாழ்ந்த கியரில் இருக்கும் எஞ்சின்தான். அதை விட்டுவிட்டால் மூன்று சிறிய டிரம் பிரேக்குகள்தான் மிச்சம். அவை சூடேறினால் பிடி தளரும். முச்சக்கரவண்டிக்கு மணிக்கு 40 கிலோமீற்றர்தான் வேக எல்லை. நியூட்ரலில் விடப்பட்ட வண்டி அதை யாரும் கேட்காமலே தாண்டிவிடும்.

வேன்காரரோ ஏற்றத்தில் இரண்டாம் கியரில், வளைவுக்கு முன்பே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம் விட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை நம்பி நேரே பிடிக்காமல், கான் எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்பதைக் கணத்தில் கணக்கிட்டு வண்டியைப் பலிகொடுத்தார். வீதி நடத்தையில் அவர் வாடகை ஓட்டுநருக்கு இருக்க வேண்டிய எல்லாமுமாக இருந்தார். காகிதத்தில் மட்டும் அவர் வாடகை ஓட்டுநர் அல்லர்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல வீதியில் கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்த பிறகு, சில வாரங்களுக்கு எல்லா டீக்கடைகளிலும் கியர் பற்றித்தான் பேச்சு. சமவெளியில் ஓடிப் பழகியவர்களுக்கு மலை இறக்கம் தெரியாது என்றார்கள். அது சரிதான். ஆனால் மலை தெரிந்தவர் யார் என்பதை எந்த அனுமதிப்பத்திரமும் சோதிப்பதில்லை என்பதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை, நானும் பேசவில்லை.

நம்முடைய சட்டங்கள் வேறு விடயங்களைத்தான் பார்க்கின்றன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு மாகாணங்களுக்கு இடையிலான பேருந்துகளைப் பார்க்கிறது. மாகாணத்துக்குள் ஓடும் பேருந்துகள் மாகாண சபையின் பொறுப்பு. 2018இல் பயணிகள் ஓட்டோக்களுக்கு மீற்றரைக் கட்டாயமாக்கினார்கள்; மலைநகரம் எதிலாவது மீற்றரைப் பார்த்துக் காசு கொடுத்தவரை நான் கண்டது அரிது. பார்க்கில் வரிசை, இலக்கம், சங்கம், சங்கத்தின் சந்தா என்று ஓட்டோவுக்காவது ஒரு ஒழுங்கு இருக்கிறது. முறைப்பாடு இருந்தால் இலக்கத்தைச் சொல்லிப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. சொல்லிவைத்து வரும் வேனுக்கு அதுவும் இல்லை. ஊருக்குள் இருக்கும் பெயர்தான் அதற்கு ஒழுங்கு, அது கெட்டால் அடுத்த கிளினிக் நாளில் யாரும் ஏறமாட்டார்கள்.

இலண்டனில் இருக்கும் என் மைத்துனரிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, அங்கே கோடு வேறிடத்தில் போட்டிருக்கிறது என்றார். தெருவில் கைகாட்டி ஏறக்கூடியது கறுப்பு டாக்சி மட்டும். அதை ஓட்டுபவர் நகரத்துத் தெருக்களை மனப்பாடம் செய்து கடினமான பரீட்சையில் தேற வேண்டும். தனியார் வாடகைக் கார் முன்பதிவில்தான் ஏற்றலாம். அதற்கும் 1998ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தின்கீழ் ஓட்டுநருக்கு ஓர் அனுமதி, காருக்கு ஓர் அனுமதி, முன்பதிவை ஏற்கும் நிறுவனத்துக்கு ஓர் அனுமதி. அந்தக் கணக்கில் எங்கள் கிளினிக் வேன் முன்பதிவு வண்டிதான், முன்பதிவை ஏற்றது ஒரு பெட்டிக்கடை என்றேன். மைத்துனர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஓர் இடைவகை நம்மிடமும் இருந்திருந்தால், மரக்கறி வேன்காரர் அதற்குரிய சிறிய கட்டணத்தைக் கட்டியிருப்பாரா? கட்டியிருப்பார் என்று நினைக்க விரும்புகிறேன். ஆனால் இரண்டு மாதம் கழிந்ததும், கிளினிக் நாள் மட்டும்தானே என்று விட்டிருக்கவும் கூடும். மனிதர்களின் நேர்மையைப் பற்றி மிகையாக எழுதும் வயதைத் தாண்டிவிட்டேன்.

'வேறு குறிப்புகள்' பகுதியில் இரண்டு வரியும் எழுதினேன்: ஓட்டோ எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில் இறங்கியதாக அதன் ஓட்டுநரே கூறினார், வேன் ஓட்டுநரின் தீர்மானத்தால் பயணிகளுக்குப் பெரிய காயம் தவிர்ந்தது. அந்த அம்மா எழுதச் சொன்னதை அலுவலக மொழியில் எழுதினேன். கோரிக்கையை மறுத்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பொலிஸில் இரு தரப்பும் சமாதானமாகப் போனதால் ஓட்டோகாரருக்கு எதுவும் ஆகவில்லை.

வேனை வேன்காரர் திருத்தவில்லை, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிளினிக் போகிறவர்கள் இப்போது மூவர் மூவராகச் சேர்ந்து ஓட்டோவில் போகிறார்கள். ஆளுக்கு விழும் காசு முன்னதைவிடக் கூட. எந்த ஓட்டோ என்று நான் விசாரிக்கவில்லை.

சென்ற வருடக் கடைசியில் வேறொரு வேன்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுபவர். அவருடைய பத்திரமும் எங்களுடையது, தனிப்பட்ட பாவனைக்கானது. மேலே நடந்ததைக் கேள்விப்பட்டு, வாடகைப் பாவனைக்கு மாற்றினால் எவ்வளவு கூடும் என்று கேட்டார். அண்ணளவாகச் சொன்னேன், மாற்றுவதுதான் சரி என்றும் சொன்னேன்.

"அப்ப தாய் தகப்பன்கிட்ட கூட்டிக் கேக்கணும் சார். அவங்க முடியாதுன்னுட்டு எட்டுப் பிள்ளைய ஒரே ஓட்டோவுல ஏத்திவிட்டா?"

அது உங்களுடைய தீர்மானம் என்று சொல்லி வைத்துவிட்டேன். புதுப்பிக்கும் காலம் வந்தபோது அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். பழையபடி தனிப்பட்ட பாவனை என்றே புதுப்பித்திருக்கிறார். அந்த வேன் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது, இறக்கத்தில் இரண்டாம் கியரில். விபத்து நடந்தால் ஒழிய அதைப் பற்றி எழுதும் வேலை என்னுடையதல்ல என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.