சிலம்புப் பலகை: மதுரைக் காண்டம் ஒருவழியாக நின்றது

சிலப்பதிகாரத்தில் வரப்போவதை முன்கூட்டியே காட்டும் இடங்களைக் காதை (அத்தியாயம்) காதையாகக் குண்டூசி குத்தி, வண்ண நூலால் இணைத்துக் காட்டும் ஒரு பலகை செய்துகொண்டிருக்கிறேன். அதில் மதுரைக் காண்டம் ஏறிவிட்டது. நூல் தளரவில்லை, குண்டூசி கழன்று விழவில்லை. 13ஆம் காதையில் விரலை வைத்து 20 வரை இழுத்துக்கொண்டு போனால், கோவலன் சாவு எங்கெங்கே முன்கூட்டியே சொல்லப்பட்டது, அதைக் கேட்டது யார், கேளாமல் போனது யார் என்பதெல்லாம் தெரிகிறது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் இலக்கியத்துக்குப் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதைப்பின்னல் படம் மனப்பாடம்: தொடக்கம், வளர்ச்சி, உச்சம், சிக்கல் அவிழ்ப்பு, முடிவு. 1863இல் ஃபிரைடாக் என்ற ஜெர்மானியர் நாடகத்துக்குப் போட்ட கூம்புதான் இதற்கு மூலம். சிலம்பை அதில் ஏற்றிப் பாருங்கள், ஏறவே ஏறாது. பாண்டியன் 20ஆம் காதையில் சாகிறான், மதுரை 22இல் எரிகிறது, அதற்கப்புறமும் எட்டுக் காதை பாக்கி. கோவலன் வெட்டுப்படும் கொலைக்களக் காதை உச்சமா, கண்ணகி அரசனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையா என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாசிப்புக் குழு ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டு, தே தாரிக் தேநீர் ஆறியதுதான் மிச்சம். கூம்பைக் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பதில் பிடித்துக்கொண்டது முன்னறிகுறிகளை. கனவு, சகுனம், தற்குறிப்பேற்றம் (இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது) எதுவானாலும் சரி, இலக்கண வகைப்படி பிரிக்காமல், அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்துப் பிரித்தேன். வாசகருக்கு மட்டும் தெரிவது சிவப்பு. பாத்திரத்தின் கண்ணெதிரே வந்தும் புரியாமல் போவது பச்சை. புரிந்தும் காலம் கடந்துவிட்டது என்றால் மஞ்சள்.

சிவப்பு சுலபம். புறஞ்சேரி இறுத்த காதையில் வையை ஆறு பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள், கோட்டைக் கொடிகள் 'வாரல்' (வராதே) என்பதுபோலக் கை காட்டுகின்றன. இரண்டும் இளங்கோ நமக்குச் சொல்வது. நடந்து வருகிறவர்களுக்கு அது ஆறு, கொடி, அவ்வளவுதான். மஞ்சளும் பரவாயில்லை. குடத்துப் பால் உறையவில்லை, உறி வெண்ணெய் உருகவில்லை என்று கண்டு, அவர்களுக்கு அடைக்கலம் தந்த ஆயர்குல மாதரி ஏதோ துன்பம் வருகிறது என்று சரியாகவே ஊகிக்கிறாள், தீங்கு நீங்கக் குரவை ஆட ஏற்பாடு செய்கிறாள். ஆனால் முந்தின காதையிலேயே கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவி செங்கோலும் குடையும் விழக் கனாக் கண்டதை அரசனிடம் சொல்லப் போகிறாள், அதே வேளையில் கண்ணகி வாயிலுக்கு வந்துவிடுகிறாள்.

என் தூக்கத்தைக் கெடுத்தது பச்சை. கொலைக்களக் காதையில் ஒற்றைச் சிலம்போடு கோவலன் தெருவில் இறங்குகிறான், எதிரே ஒரு காளை. 'இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான், தன்குலம் அறியும் தகுதியன்று ஆதலின்'. இந்த இரண்டு அடியைத் தாண்ட எனக்கு மனமே வரவில்லை. ஆயர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் திரும்பி உள்ளே போயிருப்பான். இவன் வணிகன், மாட்டுச் சகுனம் அவன் குலத்துக்குத் தெரிந்த சங்கதி இல்லை. விதி என்று இளங்கோ பல இடங்களில் சொல்கிறார்தான். இந்த இடத்தில் அவர் காட்டும் காரணம் ஊர் விட்டு ஊர் வந்தவனின் அறியாமை. புகாரில் மாசாத்துவான் மகனாக இருந்தவன், மதுரையில் யார் வீட்டிலோ ஒண்டியிருக்கிறான், அந்த வீட்டுக்காரர்கள் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. பாத்திரப்படைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, இந்த ஒரு காளைக்கு முன்னால் அதெல்லாம் எதற்கு?

நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத்தாளில் தொடங்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தாள் தொய்ந்துவிடும், நூலை இழுத்தால் ஊசி இருந்த இடம் கிழியும். சாஃப்ட்போர்டுதான் சரி. நைலான் நூல் ஊசித் தலையில் நிற்காமல் வழுக்குகிறது. துன் சம்பந்தன் சாலையில் மாலை கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் பருத்தி நூல் அருமையாகப் பிடிக்கிறது, விலையும் குறைவு. மஞ்சளுக்குச் சமையலறை மஞ்சள்தூளே போதும், தோய்த்துக் கொடியில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். இணையத்தில் வாங்கிய வண்ணத்தலைக் குண்டூசிகளில் பாதி வளைந்தே வந்தன. அந்தக் கடைக்கு இனி என் காசு கிடையாது.

பிடி கொடுக்காமல் நிற்பது ஒன்றே ஒன்று: 9ஆம் காதையில் கண்ணகி கண்ட கனா. பெரிய பட்டணத்துக்குப் போகிறோம், இடுதேள் இட்டதுபோல் பொய்ப்பழி வருகிறது, காவலன் முன் வழக்குரைக்கிறேன், ஊருக்கும் அரசனுக்கும் தீங்கு நேர்கிறது. முக்கால் கதையும் அதில் இருக்கிறது. தோழி தேவந்தியிடம் மட்டும் சொல்கிறாள். பொய்கையில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்று அவள் சொன்னதற்குப் 'பீடன்று' (அது பெருமையில்லை) என்று ஒரே வார்த்தை. அடுத்த நொடி கோவலன் வாசலில். கனாவைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை, சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். இது என்ன நிறம்? புரியாமல் போனது இல்லை, காலமும் கடக்கவில்லை. 'நாலாவது நிறம் வாங்கு தம்பி' என்கிறார் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர். ஒரே ஒரு இழைக்காக ஒரு நிறமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போதைக்கு வெள்ளை நூலாகவே விட்டிருக்கிறேன்.

வழக்குரை காதையில் இன்னொரு தொல்லை. பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் உரை முந்தின காதையான ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது. அந்த மனிதர் கைகொடுக்க வேண்டிய இடத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரையை மட்டும் வைத்துக்கொண்டு தடவ வேண்டியிருக்கிறது. உண்மை தெரிவதும் நிலை புரள்வதும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறப்பு என்று அரிஸ்டாட்டில், ஈடிபஸ் என்ற கிரேக்கச் சோக நாடகத்தைக் காட்டிச் சொன்னார். இங்கேயும் கண்ணகியின் சிலம்பு உடைந்து பரல் தெறித்த கணத்தில் இரண்டும் நிகழ்கின்றன. ஆனால் யாருக்கு? பாதிக் கதை தாண்டி வந்த பாண்டியனுக்கு. மாதவியின் ஓலையைப் படித்துத் தன் பிழையை உணர்ந்த கோவலனுக்கு, தன்னை ஏன் வெட்டினார்கள் என்பது கடைசிவரை தெரியாது. அந்த வகையில் சிலம்பு ஈடிபஸைவிடக் கொடுமை என்பது என் கட்சி. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஈடிபஸையே இதே மூன்று நிறத்தில் கட்டிப் பார்க்க ஆசை. அதில் வரும் பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸுக்கு மஞ்சள் நூல் நிறைய வேண்டியிருக்கும், இப்போதே தோய்த்து வைத்துவிட்டேன். மணிமேகலைக் காப்பியத்துக்கும் ஒரு நுனி தயார்: மாதவி தன் மகள் மணிமேகலையைத் துறவுக்குக் கொடுப்பதாகக் கோவலன் கண்ட கனா அடைக்கலக் காதையிலேயே இருக்கிறது.

அதற்கு முன் கட்டுரை காதை பாக்கி. மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் கோவலன் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்தான், அவன் மனைவி நீலி இட்ட சாபம்தான் இது என்கிறது. எல்லாவற்றுக்கும் அந்த விதியே காரணம் என்று காட்ட, டீச்சர் பலகை முழுதும் குறுக்காக ஒரு கறுப்பு நூல் ஓட்டச் சொல்கிறார். ஓட்டினால் என் காளை வெறும் அலங்காரமாகிவிடும். ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரே கறுப்பு நூல்கண்டோடு வருகிறாராம்.