வெள்ளைத் தோல் மட்டும் வெந்துபோன மாடு

களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் உண்ணிச்செடி இல்லாத ஓடைக்கரை கிடையாது. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த அமெரிக்கச் செடி. குருவிகள் பழத்தைத் தின்று எச்சமிட்டே ஊர் ஊராகப் பரப்பிவிட்டன. நன்றாகக் கருத்த பழத்தைச் சின்ன வயதில் நாங்களும் தின்றிருக்கிறோம். பச்சைக் காயைத் தொட்டால் மட்டும் ஆச்சிமார் கம்பெடுத்துக்கொண்டு விரட்டுவார்கள்.

ஊர் மாடு பெரும்பாலும் அந்த இலையில் வாய் வைக்காது. புல் கருகிய கோடையில் பசி தாளாத மாடும், பழக்கமில்லாத வெளியூர் மாடும்தான் மேயும். என் மதினி பங்குனியில் சந்தையில் பிடித்துவந்த கருப்பு வெள்ளைக் கலப்பினப் பசுவுக்கு இரண்டும் பொருந்தியது.

முதலில் இரை எடுக்கவில்லை, அசைபோடவில்லை. சாணி காய்ந்து உருண்டையாக விழுந்தது. அப்புறம் முதுகில் வெள்ளை இருந்த இடமெல்லாம் தடித்து, வெடித்து, தோல் பட்டை பட்டையாக உரிய ஆரம்பித்தது. கருப்பில் ஒரு கீறல் இல்லை. கருப்பு எங்கே முடிகிறதோ சரியாக அங்கேதான் புண் தொடங்கியது. மூக்கு நுனி ரத்தச் சிவப்பு. காம்பைத் தொட்டால் எத்தியது.

"பெரியம்மைதான், வேப்பிலை அரைச்சுப் பூசு" என்று ஆளாளுக்கு வைத்தியம். டாக்டர் வந்து கண் இமையைப் புரட்டினார். மஞ்சள்.

"எங்கம்மா மேய விட்டீக?"

"ஓடைக்கரையிலதான் சார்."

"முதல்ல வெயில்லருந்து அவுத்து உள்ள கட்டுங்க."

புண் தோலில் இருந்தாலும் கோளாறு ஈரலில். இலையில் இருக்கும் லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைக் கெடுத்துப் பித்தநீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. மாடு தின்கிற பசுந்தீவனத்தின் பச்சையம் வயிற்றில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், வழக்கமாகப் பித்தநீரோடு வெளியே போய்விடும். வழி அடைபட்டால் ரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகிறது. அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். கருப்புத் தோலில் நிறமி வெயிலைத் தடுத்துக்கொள்கிறது. வெள்ளைக்கு அந்தக் காவல் இல்லை.

இதைவிட மோசம், வயிறு நின்றுபோவது. தின்ற இலை அங்கேயே கிடந்து, மேயாத நாளிலும் நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் மருந்துக்கரியை மாட்டின் ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் கணக்கில் கரைத்து உள்ளே விட்டார்கள். பெரிய மாட்டுக்கு இரண்டு கிலோ தாண்டும். அடுப்புக்கரி அதற்கு ஆகாது. வேப்பிலை பூசியே ஒப்பேற்றியிருந்தால் மாடு தப்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது இரை எடுக்கிறது, உரிந்த இடத்தில் மயிர் முளைக்கிறது. அண்ணன் ஓடைக்கரைச் செடியைத் தூரோடு கிளப்பிக் குவித்திருக்கிறான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து, "வீணாக்காம வேலிக்குப் போடலாம்லா" என்றார்.

"வாடுன இலையிலயும் விஷம் இருக்காம் அண்ணாச்சி. வேணும்னா ஒங்க தொழுவத்துப் பக்கம் போட்டுக்கிடுங்க" என்றாள் மதினி.