இசே: இருபது ஆண்டுக்கொருமுறை புதிதாகும் கோயில்

ஜப்பானின் நகோயாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், இசே வந்துவிடும். ஜப்பானியரின் பாரம்பரிய மதமான ஷின்டோவின் ஆலயங்களில் தலையாயது இங்குள்ள இசே ஜிங்கூ. உள் ஆலயமான நாய்கூவில் சூரிய தேவி அமதெரசு. வெளி ஆலயமான கேகூவில் அவளுக்கு அமுது படைக்கும் தோயோஉகே. கேகூவில் கும்பிட்டுவிட்டே நாய்கூ போவது மரபு. நாங்களும் அப்படியே போனோம்.

கேகூவில் தினமும் காலையும் மாலையும் நைவேத்தியம் உண்டு. கட்டையில் கடைந்தெடுத்த நெருப்பில்தான் சமையல். அரிசி கோயில் வயலில் விளைந்தது, உப்பும் கோயிலாரே காய்ச்சியது. கூடவே மீன், கடற்பாசி, காய்கனி, சாக்கே மது. மீன் என்றதும் உடன் வந்த அத்தை ஒரு கணம் திகைத்தார். "அவங்க சாமி, அவங்க வழக்கம்" என்று தானே சமாதானமும் ஆகிவிட்டார்.

நாய்கூவுக்குப் பஸ்ஸில் போனோம். உஜி பாலம் தாண்டி இசுசு ஆற்றில் இறங்கிக் கை கழுவலாம். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். பிறகு வானுயர்ந்த மரங்களுக்கு நடுவே சரளைப் பாதை.

சன்னதியில் பொன்னும் வண்ணமும் தேடினால் ஏமாற்றம்தான். வர்ணம் பூசாத ஹினோகி மரம், புல் வேய்ந்த கூரை. அதுவும் வேலிகளுக்கு அப்பால் கூரை முகடு மட்டும்தான் தெரியும். வாசலில் வெள்ளைத் திரை. படிக்கட்டுக்கு மேல் படம் எடுக்கக் கூடாது. இருமுறை குனிந்து, இருமுறை கை தட்டி, மீண்டும் ஒருமுறை வணங்க வேண்டும். இங்கே வேண்டுதல் வைப்பதில்லை, நன்றி மட்டும் சொல்வார்கள். சொந்தக் கோரிக்கைக்குப் பின்னால் அரமத்சுரி நோ மியா என்ற தனிச் சன்னதி இருக்கிறது.

என்னை நிறுத்தியது பக்கத்திலிருந்த காலி மனை. வெள்ளைக் கற்கள் பரப்பிய தரை, நடுவில் ஒரு சின்னக் குடில், வேறொன்றுமில்லை. அடுத்த கோயில் எழும் இடம் அது. பேரரசி ஜிதோ காலத்தில், 690ல் தொடங்கிய வழக்கம்: இருபது ஆண்டுக்கொருமுறை அதே அளவில், அதே முறையில் புதுக்கோயில் கட்டித் தேவியை எழுந்தருளச் செய்கிறார்கள். போர்க்காலத்தில் நூறு ஆண்டுக்கு மேல் தடைபட்டும் வழக்கம் விட்டுப்போகவில்லை. பழைய மரத்தையும் வீணாக்குவதில்லை. முகட்டைத் தாங்கிய தூண்கள்தான் உஜி பாலத்தின் இரு முனையிலும் தோரி எனும் நுழைவாயில் வளைவுகளாக நிற்கின்றன. வரும்போது கவனிக்காமல் கடந்திருந்தோம். திரும்பும்போது அத்தை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடைசியாக மாற்றியது 2013ல், அது 62வது முறை. அடுத்தது 2033. அதற்கான சடங்குகள் 2025லேயே தொடங்கிவிட்டன. முடிந்தால் புதுக்கோயில் எழுந்த கையோடு போங்கள். பழையதைப் பிரிப்பதற்கு முன் சில மாதங்கள் இரண்டும் அருகருகே நிற்கும்.