வன்னி வெயிலில் போம் ஊற்றிப் பழகிய கதை

கிளிநொச்சியில் எங்களுடையது சின்ன ஃபைபர் பட்டறை. முல்லைத்தீவுக் கரைக்கு மீன் பெட்டி செய்து கொடுக்கிறோம். முன்பு பெட்டியின் உள்சுவர், வெளிச்சுவர் இரண்டுக்கும் நடுவில் ரெஜிஃபோம் (வெள்ளை நுரை) பலகையை வெட்டி அடைப்போம். பலகைகள் சேருமிடத்தால் சூடு உள்ளே போய், ஐஸ் நிற்காது. அதனால்தான் பொலியூரித்தேனுக்கு மாறினோம். திரவமாக ஊற்ற, அந்த இடைவெளிக்குள் நுரைத்து இறுகுகிற போம் (foam) அது.

இரண்டு பரல் வரும். ஒன்றில் எம்.டி.ஐ. என்ற ஐசோசயனேற்றுத் திரவம், கடும் மண்ணிறம். மற்றதில் பொலியோல் என்ற திரவம், கொஞ்சத் தண்ணீர், சிலிக்கோன், வேகத்தைக் கூட்டுகிற ஊக்கி எல்லாம் அதற்குள்ளேயே கலந்திருக்கும். சேர்த்துக் கலக்கினால் இரண்டு வேலை ஒன்றாக நடக்கும். எம்.டி.ஐ. தண்ணீரோடு சேர்ந்து காபனீரொக்சைட்டை விட, போம் எழும்பும். பொலியோலோடு சேர்ந்து இறுகும். எது முந்துவது என்பதை ஊக்கிதான் தீர்மானிக்கிறது.

பரலோடு வந்த தாளில் இருந்த நேரங்கள் எல்லாம் 25 பாகை வெப்பநிலைக்கு. சித்திரை மத்தியானம் எங்கள் கொட்டிலுக்குள் அந்தக் கணக்கு எடுபடுமா? வாளிக்குள்ளேயே நுரைக்கத் தொடங்கிவிடும். ஊற்றினால் மறு மூலைக்குப் போகமுதல் இறுகி, சுவரையும் வெளியே தள்ளிவிடும்.

ஊக்கி குறைந்த கலவை கேட்டு வாங்கினோம். ஓட்டம் வந்தது. ஆனால் சுவரோடு ஒட்டிய போம் நகம் பட்டாலே மாவாக உதிர்ந்தது. கொழும்பில் இரசாயனம் தெரிந்த ஒருவரைப் பிடித்தோம். "தம்பி, ஊக்கியைக் குறைக்காதேங்கோ, மாத்துங்கோ" என்றார்.

ஊக்கியாகப் போடுகிற அமீன் சேர்மங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பது அவர் விளக்கியபோதுதான் பிடிபட்டது. பென்டாமெதில்டைஎதிலீன்ட்ரைஅமீன் எழும்புவதைத் தூண்டும். டைமெதில்சைக்ளோஹெக்சைலமீன் இறுகுவதன் பக்கம் சாயும். டைபியூட்டைல்டின் டைலோரேற் போன்ற வெள்ளீயச் சேர்மம் இன்னும் வேகமாக இறுக்கும். ஐரோப்பாவில் அதற்குக் கட்டுப்பாடு வந்ததால் பிஸ்மத் ஊக்கிகளுக்கும் மாறுகிறார்களாம். மெத்தைப் போமுக்கு ஸ்ரனஸ் ஒக்ரோயேற், தீயைத் தாங்கவேண்டிய பலகைக்குப் பொட்டாசியம் ஒக்ரோயேற். அவை நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியிருந்தது அமிலத்தால் கட்டிவைத்த அமீன். முதலில் சும்மா கிடக்கும். கலவை தானாகச் சூடேறியதும் கட்டு விட்டு வேலையைத் தொடங்கும். மூலை வரை ஓட நேரம் கிடைக்கும், பிறகு மளமளவென்று இறுகும்.

புதுப் பரல் வந்தால் காகிதக் கோப்பையில் கொஞ்சம் கலக்கி, கைபேசியில் நேரம் பார்க்கிறோம். ஈர்க்கு முனையால் தொட்டுத் தூக்கினால் நூல் இழுக்கும். அதுதான் இறுகத் தொடங்குகிற நேரம். வெயில் நாளில் அது எவ்வளவு சுருங்குகிறது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றிய ஒரு பின்னேரம், மின்குமிழைச் சுற்றி நீல வளையம் தெரிந்தது. அமீன் ஆவி கண்ணின் கருவிழியை வீங்கச் செய்வதால் வருவது அது. சில மணித்தியாலத்தில் போய்விட்டது. அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். இப்போது கொட்டிலின் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டு, கண்ணாடியும் வடிகட்டி முகமூடியும் போட்டுக்கொண்டுதான் ஊற்றுகிறோம்.

வெயில் காலத்தில் விடியவே வேலையை முடித்துவிடுவோம். பரலைக் குளிர வைக்க ஈரச்சாக்கு போடுகிறவர்கள் மூடியை நன்றாக இறுக்கிவிட்டுப் போடுங்கள். எம்.டி.ஐ.க்குள் தண்ணீர் போனால் உள்ளே வாயு கட்டிப் பரலே வீங்கிவிடும்.