இடையன்குடிக் கோயிலும் ஐயரம்மாவும்

"இத்தனை வருசம் பக்கத்துலயே இருந்துட்டு, இப்ப எதுக்குப்பா திடீர்னு இடையன்குடி?" என்று மகள் கேட்டபோது பஸ் திசையன்விளையை நெருங்கிக்கொண்டிருந்தது. போகாத ஊர் இல்லை. பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம் என்கிற சபை விருந்து, குருமார் கூட்டம் என்று பத்துத் தடவையாவது போயிருப்பேன். எல்லாமே குருவானவராக அங்கி மாட்டிக்கொண்டு போன பயணங்கள். சும்மா கும்பிடப் போனதில்லை. எழுபத்தாறு வயதில் அப்படி ஒரு ஆசை வந்தது என்று சொன்னால் அவள் சிரிப்பாள். அதனால் "பதநீர் குடிக்கத்தான்" என்றேன்.

பொய்யும் இல்லை. திசையன்விளை தாண்டியதும் ரோட்டோரம் இறங்கி, ஓலைப்பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தோம். பட்டையின் ஓரத்தைச் சரியாக மடிக்காவிட்டால் சட்டையெல்லாம் ஊற்றும். எனக்கு ஊற்றியது. பனையும் மணலுமாகக் கிடக்கிற இந்தத் திருநெல்வேலிப் பூமிக்குத்தான் கால்டுவெல் ஐயர் 1841-இல் வந்தார். எங்கள் பக்கம் குருமாரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா. சென்னையிலிருந்து நடந்தே வந்தவர். அப்போது வயது இருபத்தேழு. பிறகு நாற்பது வருடத்துக்கும் மேல் இதுதான் அவர் ஊர். ஒப்பிலக்கணம் எழுதிய அறிஞர் என்று மெரினாவில் 1968-இல் சிலை வைத்தார்கள். எங்கள் பக்கத்துச் சபைக்காரர்களுக்கு அவர் முதலில் தெருப் போட்டவர். இடையன்குடித் தெருக்கள் இன்றைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும்.

பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியார் சின்னப் பையன், என்னைத் தெரியவில்லை. "ஆராதனை ஒன்பது மணிக்கே முடிஞ்சிட்டே தாத்தா" என்றான். முப்பத்தேழு வருடம் ஐயா, ஐயா என்று கேட்ட காதுக்கு அந்தத் தாத்தா இனிமையாக இருந்தது.

உள்ளே கூர்மாட வளைவுகளுக்குக் கீழே கல் தரை குளுகுளுவென்று இருந்தது. இந்தக் கோயிலுக்கு 1847-இல் அடிக்கல் வைத்தார்கள். பிரதிஷ்டை நடந்தது 1880-இல். முப்பத்து மூன்று வருடம்! நடுவில் 1876-78-இன் தாது வருஷப் பஞ்சம். எனக்கு அந்த எண்ணிக்கையிலேயே மனசு நின்றுவிட்டது. மதுரை அரசரடியில் இறையியல் படித்து, 1977-இல் குருவாக அபிஷேகம் பெற்று, 2014-இல் ஓய்வு பெறுகிறவரைக்கும் ஒன்பது சேகரம் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) பார்த்தவன் நான். அவர் ஒரு கோயில் கட்டி முடித்த காலத்துக்குள் நான் எட்டுத் தடவை வீட்டைக் காலி செய்திருக்கிறேன்.

"நான் காலி செய்தேன்" என்று எழுதிவிட்டேன். மகள் படித்தால் விடமாட்டாள். மே மாதம் மாற்றல் வரும். பிரிவுபசாரக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போடுவார்கள். அந்த நேரம் என் மனைவி குருமனை அடுப்படியில் பாத்திரங்களை எண்ணிச் சாக்கில் கட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கப் பள்ளிக்கூடம் போனதும் அவள்தான். என் மகள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் மாறினாள். புது ஊரில் இறங்கிய அன்று என் மனைவி முதலில் எடுத்து வைப்பது கைப்பிடி அரிசி டப்பா. உலையில் போடுவதற்கு முன் ஒரு கை அரிசி ஆண்டவருக்கு என்று தனியாகப் போட்டு, மாதம் தவறாமல் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கொடுத்துவிடுவாள். சம்பளம் தள்ளிப்போன மாதங்களிலும் அந்த டப்பா நிறைந்தே இருந்தது. நான் பிரசங்கத்தில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அன்றைக்கு அரிசி இருந்ததா என்று கேட்டதில்லை.

பீடத்தின் அருகே தரைக்கடியில்தான் கால்டுவெல்லின் கல்லறை. 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1899-இல் அவர் மனைவி எலைசாவையும் இங்கேயே வைத்தார்கள். எலைசா நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள். தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவர் பேசும் தமிழ் கணவரின் தமிழைவிடச் சரளம் என்பார்கள். இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். ஒப்பிலக்கணக்காரருக்குச் சிலை இருக்கிறது, சரிதான். அடுப்படியில் நின்று இந்த ஊரோடு பேசியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முழங்கால் போட்டேன். ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை. வேதத்தில் உன்னதப்பாட்டில் ஒரு வரி உண்டு: "என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை." கல்யாண ஆராதனையில் அந்தப் புத்தகத்திலிருந்து எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், இந்த வரியை மட்டும் தாண்டிவிடுவேன். அன்றைக்கு அது மட்டும்தான் வந்தது. எழுந்திருக்க மகள் கை கொடுத்தாள்.

"அம்மாகிட்ட போவோமா?" என்றேன்.

அவள் 2006-இல், ஏழாவது சேகரத்தில் இருந்தபோது இறந்தாள். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். அடுத்த மே மாதம் எனக்கு மாற்றல். ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார்கள். கர்த்தருடைய வேலை என்று கிளம்பிவிட்டேன். குருவின் குடும்பத்துக்குச் சொந்த ஊர்க் கல்லறை வாய்ப்பது அபூர்வம். எந்த ஊரில் வேலையோ அந்த ஊர் மண்.

நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. உடைமுள் செடியைத் தள்ளிவிட்டு, மகள் கல்லின் மேலிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள். அவசரத்தில் நான் எழுதிக் கொடுத்த வாசகம். முதல் வரியில் பெரிய எழுத்தில் என் பெயர், பட்டத்தோடு. இரண்டாவது வரியில் "அவர்களின் அன்பு மனைவி". மூன்றாவது வரியில், விரல் தடிமன்கூட இல்லாத எழுத்தில், அவள் பெயர். பத்தொன்பது வருடத்தில் அது பாதி அழிந்திருந்தது. என் பெயர் நன்றாகவே இருந்தது.

கல் வேலை செய்கிறவரைக் கூட்டிவரச் சொன்னேன். வந்தவர் எங்கள் சபைப் பையன். சபையில் முழு உறுப்பினராக்குகிற திடப்படுத்தலுக்கு நான்தான் ஆயத்தப்படுத்தினேனாம். குனிந்து பார்த்துவிட்டு, "இதுல எழுத்தைப் பெருசாக்க முடியாது ஐயா. புதுக்கல்தான் போடணும்" என்றார்.

"போடு. அவ பேரு மட்டும் இருக்கட்டும். என் பேரு வேண்டாம்."

அவர் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கினார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அம்மா பேரு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். கீழே ஐயரம்மான்னு ஒரு வார்த்தை போட்டுக்கிறேனே. எங்க வீட்டுல சோறு இல்லாதப்ப கூப்பிட்டுப் போட்டது அந்த ஐயரம்மாதான்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். அளவெடுக்க நூலின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார் அவர். பிடித்துக்கொண்டேன்.